நடுவர் மன்றங்களும் அங்கீகாரக் கட்டணமும்: பிரிட்டனில் ஒரு சரித்திர ஆராய்ச்சி

வாங்கிய பண்டம் பழுதென்றாலும், கூலி கொடுத்துச் செய்வித்த வேலை அரைகுறையென்றாலும், அதற்காக நியாயஸ்தலத்தின் படியேறினால் ஆகும் செலவு வழக்கிலுள்ள தொகையையே பல சமயங்களில் விழுங்கிவிடுமாதலால், கோர்ட்டுக்கு வெளியே பிணக்குத் தீர்க்கும் மன்றங்கள் பிரிட்டனில் அரை நூற்றாண்டாக வளர்ந்து வந்திருக்கின்றன. அம்மன்றங்களின் யோக்கியதையைச் சோதித்து அங்கீகாரம் வழங்கும் செலவு யார் தலையில் விழுந்தது, அதனால் சிறிய மன்றங்களின் நிலை என்னவாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1973-ஆம் வருஷத்து நியாய வர்த்தகச் சட்டம், வர்த்தக சங்கங்கள் தம் அங்கத்தினருக்கு நன்னடத்தை விதிகளை வகுத்துக்கொள்ளும்படி ஊக்குவிக்கும் கடமையைத் தலைமை அதிகாரி ஒருவரிடம் ஒப்படைத்தது. 1981-இல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும், 1986-இல் பாங்குகளும் தங்கள் சொந்தப் பணத்தில் ஓம்பட்ஸ்மன் (புகார் விசாரிக்கும் நடுவர்) பதவிகளை ஏற்படுத்தின. எல்லா மன்றங்களுக்கும் பொதுவான சட்டபூர்வமான தகுதிச் சோதனை எதுவும் அந்நாளில் இல்லை. ஆதலால், அதற்கென ஒரு கட்டணம் எழவும் இடமில்லை.

ஐரோப்பிய யூனியன் 2013-இல் பிறப்பித்த நெறியாணையும், அதனை நிறைவேற்ற பிரிட்டன் 2015-இல் இயற்றிய விதிகளும் இந்நிலையை மாற்றின. அவற்றின்படி, அங்கீகாரம் நாடும் மன்றம் நடுவர்களின் சுதந்திரம், நியமன காலம், விசாரணை முறை, கட்டண விவரம் ஆகியவற்றை விண்ணப்பத்தில் விளக்க வேண்டும். முழு ஆவணங்களும் கைக்கு வந்த 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வருஷந்தோறும் அறிக்கை வெளியிட வேண்டும். நுகர்வோரிடம் ஒன்றும் வாங்கலாகாது, வாங்கினாலும் பெயரளவுக்கே வாங்கலாம். தனி ஒழுங்குமுறை அதிகாரி இல்லாத துறைகளில் சோதனைப் பொறுப்பை ஏற்ற சார்ட்டர்ட் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் இன்ஸ்டிட்யூட், அப்பணிக்கான செலவை மன்றங்களிடமே கட்டணமாக வசூலித்தது.

சங்கடம் இங்கேதான் ஆரம்பமாகிறது. வருஷத்துக்கு நூறு பிணக்குகளைத் தீர்க்கும் மன்றமாயினும், லட்சம் பிணக்குகளைத் தீர்க்கும் மன்றமாயினும், சமர்ப்பிக்க வேண்டிய பத்திரங்களும் ஆராயப்படும் அம்சங்களும் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே சோதனைச் செலவை ஒவ்வொரு பிணக்கின் மீதும் பகிர்ந்து பார்த்தால் சிறிய மன்றத்தின் பாரம் பன்மடங்காகிறது. வியாபாரியோ, அங்கீகாரம் பெற்ற ஒரு மன்றத்தின் பெயரை நுகர்வோருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருந்தானேயன்றி, வேறு சட்டமோ ஒப்பந்தமோ கட்டாயப்படுத்தினாலொழிய அம்மன்றத்தின் முன் வந்தே தீரவேண்டுமென்ற நிர்ப்பந்தம் அவனுக்கிருக்கவில்லை. இதனால் செலவு நிச்சயம், வரவு அநிச்சயம் என்பதே சிறிய மன்றத்தின் நிலை.

எனினும் 2015 விதிகளின் கீழ் அங்கீகாரமின்றியும் ஒரு மன்றம் தொழில் நடத்த முடிந்தது. கட்டணம் ஓர் அந்தஸ்துக்கான விலையாகவே இருந்தது. 2024-ஆம் வருஷத்து டிஜிட்டல் சந்தைகள், போட்டி மற்றும் நுகர்வோர் சட்டமோ, விலக்குப் பெற்றவர்கள் நீங்கலாக, அங்கீகாரமில்லாதவர் நுகர்வோர் ஒப்பந்தப் பிணக்குகளைத் தீர்க்கலாகாதென்று தடைவிதித்து, கட்டணம் விதிக்கும் அதிகாரத்தையும் உடன் அளித்தது. அந்தஸ்தின் விலை இவ்வாறு தொழிலின் நுழைவு வரியாக உருமாறியது.

கட்டணத்தை முற்றிலும் ஒழித்தால் சோதனைச் செலவு வரி செலுத்துவோர் மீது விழும். சோதனையையே தளர்த்தினால் வியாபாரிகளின் கைப்பாவைகள் நடுவர்களாகிவிடக்கூடும். ஆதலின், எல்லோருக்கும் பொதுவான சொற்ப அடிப்படைத் தொகையும், தீர்க்கப்படும் பிணக்குகளின் எண்ணிக்கைக்கேற்ப உயரும் தொகையும் சேர்ந்த இருபகுதிக் கட்டணமே நியாயமானது. அவ்வாறின்றி எல்லா மன்றங்களுக்கும் ஒரே தொகை விதிக்கப்படுமாயின், ஒரு குறிப்பிட்ட தொழிலின் நுணுக்கமறிந்த சிறிய மன்றங்கள் விலகி, பெரிய ஸ்தாபனங்கள் மட்டுமே எஞ்சும்; அந்நஷ்டம் முடிவில் நுகர்வோரையே சேரும்.