விற்றவனும் வாங்கியவனும்

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவர். விற்பவன் விரலை வாங்குபவன் பிடிப்பான். மாட்டை எவரும் கேட்பதில்லை. ஒரு நாட்டையே அவ்விதம் விற்றனர் என்றால் நம்புவீர்களா?

1898-ஆம் ஆண்டு டிசம்பர் 10. பாரிஸ் நகரில் ஸ்பெயின் விற்றது, அமெரிக்கா வாங்கியது. சரக்கு, பிலிப்பைன் தீவுகள்! விலை 2 கோடி டாலர். அங்கு வாழ்ந்தோர் 70 இலட்சத்துக்கும் மேல். தலைக்கு 3 டாலர்கூட இல்லை! பிலிப்பைன் மக்களின் தூதர் அகோன்சில்லோ பாரிசுக்கே சென்றார். பேச்சு நடந்த மன்றத்தில் அவருக்கு இடமில்லை.

விற்ற அன்று அந்த நாடு ஸ்பெயினின் கையிலாவது இருந்ததா? அதுவும் இல்லை! 1896-இலேயே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். எழுத்தையே ஆயுதமாக்கிய ரிசாலை அவ்வாண்டு டிசம்பர் 30-இல் ஸ்பெயின் சுட்டுக் கொன்றது, கிளர்ச்சி சாகவில்லை. 1898 ஜூன் 12-இல் கவித்தே மாநிலத்தில் அகினால்டோ விடுதலையை முழங்கினார். ஆகஸ்டு 13-இல் மணிலாவில் ஸ்பெயினும் அமெரிக்காவும் முன்கூட்டியே பேசி முடித்த போர் ஒன்றை நடத்தின. ஒருவர் வெல்வதுபோல் வென்றார். மற்றவர் தோற்பதுபோல் தோற்றார். மண்ணுக்குரியவன் நகருக்குள் நுழையக் கூடாது என்பதற்காகவே அந்த நாடகம்!

மண்டியிட்டு வேண்டினேன், வழி புலப்பட்டது என்று குடியரசுத் தலைவர் மெக்கின்லி பாதிரிமாரிடம் கூறியதாகப் பதிவு உண்டு. அம்மக்களைக் கிறித்தவர் ஆக்குவதும் அவர் கண்ட கடமைகளுள் ஒன்றாம். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சிலுவை சுமந்தவர்களை மீண்டும் கிறித்தவர் ஆக்கவா? வாணிகத்துக்கு வானுலக உத்தரவு தேவைப்பட்டது, அவ்வளவே!

1899 பிப்ரவரி 4-இல் போர் மூண்டது. 1901 செப்டம்பர் 28-இல் சமார் தீவின் பலாங்கிகாவில், கட்டாய வேலைக்கு ஆட்பட்ட ஊரார் தாக்கியதில் அமெரிக்க வீரர் 48 பேர் மாண்டனர். பழிவாங்க வந்த தளபதி ஜேக்கப் ஸ்மித் இட்ட கட்டளை, பத்து வயதுக்கு மேற்பட்டோரைக் கொல்க என்பது. பத்து வயது! நான் நாள்தோறும் பாடம் சொல்லும் பிள்ளைகளின் வயது. இராணுவ மன்றம் அவனுக்குத் தந்த தண்டனை கண்டனம் மட்டுமே. பின்னர்ப் பணி ஓய்வு. போரிலும் பசியிலும் நோயிலும் மாண்ட பொதுமக்கள் இரண்டு இலட்சம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்க அரசே ஏற்கும் கணக்கு.

துப்பாக்கியைத் தொடர்ந்து பாடப்புத்தகம் வந்தது. 1901 ஆகஸ்டில் 'தாமஸ்' என்னும் கப்பலில் ஏறத்தாழ 500 ஆசிரியர்கள் வந்திறங்கினர். அவர்களுள் நல்லோர் உண்டு. எழுத்தறிவு பரவியதும் உண்மை. ஆனால் ஆங்கிலமே பயிற்றுமொழி. தாய்மொழி வகுப்பறைக்கு வெளியே நின்றது. 1907 முதல் 1919 வரை சொந்தக் கொடியை ஏற்றுவது குற்றம்! ஆட்பட்டு நடக்கும் குடிகளை உருவாக்கவே அக்கல்வி என்றார், பிலிப்பைன் வரலாற்றாசிரியர் ரெனாட்டோ கான்ஸ்டன்டினோ. ஆசிரியன் என்ற முறையில் என்னைச் சுடும் சொல் அது. உடலைப் பிணித்த விலங்கு தெரியும். உள்ளத்தைப் பிணித்த விலங்கு, பட்டம் போலவே பளபளக்கும்!

1946-இல் விடுதலை வந்தது, எந்த நாளில்? ஜூலை 4, அமெரிக்காவின் பிறந்த நாளில்! அதனுடன் வந்தன, நாட்டின் இயற்கை வளத்தில் அமெரிக்கருக்குச் சம உரிமை தரும் ஏற்பாடும், 1947-இல் 99 ஆண்டுக்கான படைத்தள ஒப்பந்தமும். விடுதலை நாளை ஜூன் 12-க்கு மாற்ற 1962 வரையிலும், படைத்தள நீட்டிப்பை 12-க்கு 11 என்னும் வாக்கில் செனட் மறுக்க 1991 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது. 2014-இல் புதிய ஒப்பந்தத்தின் வழியே அமெரிக்கப் படைக்கு மீண்டும் கதவு திறந்தது.

பலாங்கிகாவிலிருந்து வெற்றிச் சின்னமாக எடுத்துச் சென்ற மூன்று மணிகள் 2018 டிசம்பரில் ஊர் திரும்பின. மணி திரும்பிற்று, மாண்டவர்?

தோழர்களே! நாகரிகம் கற்பிக்க வந்தேன் என எவன் கூறினும், முதலில் அவன் கையிலுள்ள விலைச்சீட்டைக் கேளுங்கள். பிறகு, அவன் தரும் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.