புனே போர்ஷே வழக்கு: சோடியம், சுகர், யூரியா ரிப்போர்ட்டை வைத்து போதையின் அளவைக் கணக்கிட முடியுமா?

2024 மே 19, அதிகாலை சுமார் 2.30 மணி. புனே கல்யாணி நகரில் போர்ஷே கார் மோதியதில், பைக்கில் சென்ற இரண்டு இளம் ஐ.டி. ஊழியர்கள் உயிரிழந்தனர். காரை ஓட்டியதாகச் சொல்லப்படும் 17 வயது சிறுவனின் ரத்த மாதிரி, கேம்ப் பகுதியை ஒட்டியுள்ள அரசு சாசூன் மருத்துவமனையில் காலை சுமார் 11 மணிக்கு எடுக்கப்பட்டது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அவரது தாயின் ரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள் என்பது போலீசாரின் குற்றச்சாட்டு. மே 27 அன்று மருத்துவமனையின் இரண்டு டாக்டர்கள் கைது செய்யப்பட்டனர்.

ஆல்கஹால் டெஸ்ட் இல்லாவிட்டாலும், வழக்கமான ரத்தப் பரிசோதனையிலிருந்தே போதையின் அளவை மதிப்பிட ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஆஸ்மோலார் இடைவெளி என்றால் என்ன?

ரத்தத்தின் நீர்ப்பகுதியில் எவ்வளவு துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதுதான் ஆஸ்மோலாலிட்டி. உப்பு போட்ட தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும், இல்லையா? அதே தத்துவம்தான். ஆஸ்மோமீட்டர் என்ற கருவி, மாதிரி எந்த வெப்பநிலையில் உறைகிறது என்று பார்த்து துகள்களின் அளவைச் சொல்லிவிடும். ஆரோக்கியமானவர்களுக்கு இது சுமார் 275 முதல் 295 வரை இருக்கும்.

இதே அளவைக் கணக்கு போட்டும் எடுக்கலாம்:

(2 × சோடியம்) + (குளுக்கோஸ் ÷ 18) + (யூரியா ÷ 6)

சோடியம் 140, குளுக்கோஸ் 90, யூரியா 30 என்றால், 280 + 5 + 5 = 290. கருவி 340 காட்டினால், கணக்கில் வராத 50 எங்கிருந்து வந்தது? இந்த வித்தியாசம்தான் ஆஸ்மோலார் இடைவெளி. நோயாளி குடித்திருந்தால், அது ஆல்கஹாலாக இருக்கலாம். எத்தனாலின் மூலக்கூறு எடை 46 என்பதால் 4.6-ஆல் பெருக்குவார்கள்: 100 மில்லி ரத்தத்தில் சுமார் 230 மில்லிகிராம்.

எங்கே சிக்கல்?

முதலில், பெருக்கும் எண்ணிலேயே ஒருமித்த கருத்து இல்லை. நோயாளிகளின் அளவீடுகளிலிருந்து பெறப்பட்ட 3.7-ஐப் பயன்படுத்தினால், அதே 50-க்கு விடை 185 மில்லிகிராம்தான்.

அடுத்து, குடிக்காதவருக்கும் இந்த இடைவெளி மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரை இருக்கலாம். 10 என்றாலே 46 மில்லிகிராம். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின் வரம்போ வெறும் 30 மில்லிகிராம். அதாவது, கணக்கில் வரக்கூடிய பிழையே சட்ட வரம்பைவிடப் பெரியது!

இந்திய லேப்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. சில ரிப்போர்ட்களில் 'யூரியா' இருக்கும், சிலவற்றில் 'யூரியா நைட்ரஜன்' இருக்கும். பின்னதை 2.8-ஆல் வகுக்க வேண்டும். யூரியா 30-ஐத் தவறுதலாக 2.8-ஆல் வகுத்தால், விடையில் சுமார் 26 மில்லிகிராம் குறைந்துவிடும்.

அப்போ இந்தக் கணக்கு எதற்கு?

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. மயங்கிக் கிடப்பவர் என்ன குடித்தார் என்று தெரியாதபோது, பெரிய இடைவெளி ஒரு எச்சரிக்கை மணி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனாலும் இந்த இடைவெளியைக் கூட்டும். ஆனால் நேரம் போகப்போக மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறி, இடைவெளி குறைந்துவிடும். தாமதமாக வந்தவருக்கு இடைவெளி நார்மல் என்றாலும் ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. நீரிழிவு கீட்டோஅசிடோசிஸும் இடைவெளியைக் கூட்டக்கூடியது என்பதால், இதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

கோர்ட்டில் எது நிற்கும்?

தடயவியல் ஆய்வகங்கள் கேஸ் குரோமடோகிராஃபி முறையில் எத்தனாலைத் தனியாகப் பிரித்து நேரடியாக அளக்கின்றன. அங்கும் நேரம் முக்கியம். உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் ஆல்கஹாலை எரித்துவிடும். அதிகாலை 2.30-லிருந்து 11 மணி வரை எட்டரை மணி நேரம். அதற்குள் சுமார் 125 மில்லிகிராம் காணாமல் போயிருக்கும். விபத்து நேரத்தில் சட்ட வரம்பைப் போல மூன்று மடங்கு இருந்தவருக்குக்கூட, 11 மணிக்கு ரிப்போர்ட் பூஜ்ஜியம் என்று வரலாம்.

ரத்தம் வேறொருவருடையது என்றால், எவ்வளவு துல்லியமான கருவியாலும் பயனில்லை. புனேயில் மாதிரிகள் வெவ்வேறு நபர்களுடையவை என்று காட்டியது டி.என்.ஏ. டெஸ்ட். அன்று மாலை வேறொரு மருத்துவமனையில் எடுக்கப்பட்ட இரண்டாவது மாதிரியுடன் முதல் மாதிரி ஒத்துப்போகவில்லை. மாதிரியை எடுத்தது யார், எத்தனை மணிக்கு, சீல் வைத்தது யார் என்ற பதிவுகள் சரியாக இருந்தால்தான் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணுக்கு மதிப்பு.