கண்டித் தேயிலையும் அதை விற்கப் போனவர்களும்

1854ஆம் ஆண்டு கண்டி நகரில் தோட்டத் துரைமார் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தபோது, பாதையும் ரயிலும் கூலியாட்களுமே அவர்களுடைய பெருங்கவலைகளாக இருந்தன. விளைந்த கோப்பிக்கு லண்டனில் ஏற்கெனவே கிராக்கி இருந்தபடியால், அதை அந்நிய தேசத்தில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமா, வேண்டுமானால் அவருக்கு முழுநேர வேதனமா அல்லது பல அலுவல்களுக்கு நடுவே நம் காரியத்தையும் பார்ப்பவருக்குத் தரகு மட்டுமா என்ற விசாரம் அன்று எழவில்லை.

அதை எழுப்பியது தேயிலை. ஹேவாஹெட்டை மலைச்சாரலில், லூல்கந்துரா தோட்டத்தில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டு, தம் பங்களாத் தாழ்வாரத்திலேயே பக்குவப்படுத்திய தேயிலை, 1873இல் 23 இராத்தலாக லண்டனுக்குப் போயிற்று. கோப்பிச் செடியை இலைநோய் அழித்த பிறகு மலைநாடு முழுவதும் தேயிலையாக மாறி, 1890இல் ஏற்றுமதி நான்கு கோடி இராத்தலைத் தாண்டியது. இத்தனை இலையையும் குடிக்கச் சீனத் தேயிலையில் ஊறிய நாவுகளைப் பழக்க வேண்டியிருந்தது.

துரைமாருக்குப் பகுதிநேர ஆட்களிடம் இயல்பாகவே நம்பிக்கை இருந்தது. கொழும்பு ஏஜென்ஸிக் கம்பெனியும் ஏலத் தரகரும் பல தோட்டங்களின் சரக்கை ஒருங்கே விற்று, விற்றதற்கே கூலி பெற்றார்கள்; பல தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதும் விசிட்டிங் ஏஜெண்டும் அவ்வாறே சொற்பச் செலவில் பெரும் பயன் தந்தார். ஆனால் முளைத்த கொழுந்தையும் எழுதிய கணக்கையும் ஒரு நாளில் பரிசோதித்துவிடலாம். ஒரு ஜனசமூகத்தின் பானப் பழக்கம் அப்படி ஒரு விஜயத்தில் மாறிவிடும் காரியமன்று.

1893ஆம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் இலங்கையின் விசேஷப் பிரதிநிதியாகச் சென்ற கிரின்லின்டன் பெரும் புகழை ஈட்டித் தந்தார். அவ்வாண்டுகளில் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு இராத்தல் மீதும் சிறு வரி விதித்து, முப்பதின்மர் கமிட்டியின் பொறுப்பில் ஒரு நிதி அமைத்தார்கள். சந்தா கொடாதவரும் விளம்பரத்தின் பலனை அனுபவித்துவிடுவர் என்பதால் வரியே நேர்மையான வழி என்று கண்டது, என் அபிப்பிராயத்தில், அந்தச் சங்கத்தின் மிகச் சிறந்த தீர்மானம். அந்நிதியிலிருந்து வில்லியம் மெக்கன்ஸி என்பவர் அமெரிக்காவில் பிரதிநிதியாக உழைத்தார். அந்நாட்டார் விரும்பிய பச்சைத் தேயிலையைச் செய்வோருக்கு ஊக்கத்தொகையும் கொடுக்கப்பட்டது. எனினும் செலவு ஆண்டுதோறும் கணக்கில் கண்ணெதிரே நின்றது, வரவோ எவருடைய புத்தகத்திலும் தனிப்பத்தியாக ஏறவில்லை. ஆகவே 1908இல் வரியே நிறுத்தப்பட்டது. அண்டையிலுள்ள இந்தியாவோ 1903இல் தொடங்கிய தன் தேயிலை வரியைக் கைவிடாமல் நடத்திற்று.

வரவு எவர் கணக்கிலும் ஏறாத அந்த இலங்கை நிதிக்கு நேர்மாறான திருஷ்டாந்தம் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டன். பிரிட்டனில் அவருக்குச் சொந்தக் கடைகள் இருந்தன. அங்கு நின்றவர்கள் ஆண்டு முழுவதும் அவர் பெயர் பொறித்த பொட்டலத்தையே விற்றார்கள். முழுநேரச் சம்பளத்தின் பலன் சிந்தாமல் அவரிடமே திரும்பியது. கண்டிச் சீமையின் தேயிலையோ ஏலத்தில் கைமாறி, பிறருடைய கலவையில் கலந்து, ஊர்ப்பெயரை இழந்தது.

உலகப் பொருளாதார மந்தத்தில் விலை சரிந்த பின்னரே, 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை பிறந்தது. ஜெர்வாஸ் ஹக்ஸ்லி அதன் அமைப்பாளரானார். 1935இல் இந்தியாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் சேர்ந்த சர்வதேச சபை தோன்றியபோது அவரே அதை நடத்தலானார், 1967 வரை நடத்தினார். தலைமுறை தாண்டிய அந்த நிரந்தர உத்தியோகத்தைச் செலவென்று குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே மந்தகாலத்தில், அந்தக் கொழுந்தைக் கிள்ளிய நம் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்சச் சம்பளம் வெட்டப்பட்டது என்பதையும் இந்தச் சரித்திரத்தின் கணக்கில் எழுதியே ஆகவேண்டும்.