இலங்கையர்கோனும் ஒற்றைப் பாதசரமும்

ஈழத்து நவீன சிறுகதையின் மூலவர் என்று சி. வைத்தியலிங்கம், சம்பந்தன், இலங்கையர்கோன் ஆகிய மூவரைச் சொல்வது வழக்கம். இவர்களில் வைத்தியலிங்கமும் இலங்கையர்கோனும் யாழ்ப்பாணத்து ஏழாலையார். செம்பாட்டுத் தோட்டக் கிராமம் ஒன்றுக்கு இது சின்னப் பெருமையில்லை.

இலங்கையர்கோனின் இயற்பெயர் த. சிவஞானசுந்தரம். 1915இல் பிறந்தவர், காரியாதிகாரியாக உத்தியோகம் பார்த்தவர். ஆங்கிலத்தின் வழியே ஐரோப்பிய இலக்கியத்தை ஊன்றிப் படித்து, துர்கனேவின் 'முதற் காதல்' நாவலைத் தமிழாக்கினார். சென்னைக் 'கலைமகளு'ம் சுன்னாகத்து 'ஈழகேசரி'யும் அவர் கதைகளை வெளியிட்டன. 'அனுலா', 'மரியா மதலேனா' என்று வரலாற்றிலும் வேதாகமத்திலும் கருவெடுத்த கதைகளில் அலங்காரம் கொஞ்சம் தூக்கல் என்பது என் எண்ணம்.

'வெள்ளிப் பாதசரம்' வேறு வகை. இளம் கமக்காரன் ஒருவன் மனைவியை வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போகிறான். ஆசையாய்ப் பாதசரம் வாங்கிக் கொடுக்கிறான். அதில் ஒன்று தொலைந்துபோகிறது. கோபத்தில் அவனுக்கு வாய் தடிக்கிறது. பிறகு அந்தக் கோபம் கரைகிறது. இவ்வளவுதான் கதை. வல்லிபுரத்து மணலில் நடந்தவர்களுக்கு, திருவிழாச் சனத்துக்குள் ஒரு நகையைத் தேடுவது என்ன பாடு என்று தெரியும். கால் வைத்த இடமெல்லாம் புதையும். பாடுபட்டுத் தேடிய காசு போன எரிச்சலும், அவளை ஏசிவிட்டோமே என்ற உறுத்தலும் ஒரே மனத்தில் கிடந்து புரளுகின்றன. ஆசிரியர் குறுக்கே வந்து புத்தி சொல்லவில்லை. தலைப்பையும் கவனியுங்கள்: தமிழகத்தார் அதைக் கொலுசு என்பார்கள், எங்கள் வீடுகளில் அது பாதசரந்தான்.

ஊர்ப் பேச்சைப் பிடிக்கும் இந்தக் காதுதான் பின்னர் வானொலிக்கும் கைகொடுத்தது. 'விதானையார் வீட்டில்' என்ற அவரது வானொலி நாடகத்தின் தலைப்பே படலையைத் திறந்து எங்களை முற்றத்துக்குள் விட்டுவிடுகிறதே!

ஐம்பதைத் தொடாமலே 1961இல் அவர் மறைந்தார். 'வெள்ளிப் பாதசரம்' தொகுதி வந்தது 1962இல். முப்பதுகளிலேயே எழுதத் தொடங்கியவர், தம் சிறுகதைகளை நூலாகக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகமும் எரிந்த பிறகு, அக்காலத்து இதழ்கள் கிடைப்பது அருமை. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய 'ஈழகேசரி' ஏதும் இருந்தால், செல்லரிக்க முன்னம் ஒரு நூலகத்துக்குக் கொடுத்துதவுங்கள்.