பள்ளி மாறும் பிள்ளைகளும் பதக்கக் கணக்கும்

'பள்ளி' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் படுக்குமிடம், தங்குமிடம் என்று பொருள். சமணத் துறவிகள் தங்கிய குகைகளுக்கும் மடங்களுக்கும் பள்ளி என்றே பெயர். துறவிகள் தங்கிய இடத்திலேயே கல்வியும் நடந்தது. ஆகவேதான் இன்று நம் பிள்ளைகள் புத்தகப்பை தூக்கிப் போகிற இடத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது என்று அறிஞர் பலர் விளக்கம் சொல்வார்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே, மார்த்தாண்டத்துக்கு அருகில் சிதறால் மலை இருக்கிறது. 1956 வரை அது திருவிதாங்கூரைச் சேர்ந்த பகுதி. பழைய பெயர் திருச்சாரணத்துமலை. அங்கே ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பேரையக்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாரான குணந்தாங்கிக் குறத்தியார் பொன் அணி கொடுத்த செய்தியை அது சொல்கிறது. குறத்தியார் என்றால் பெண் குரு. இதே திருச்சாரணத்துக் குறத்திகளின் பெயர் தொலைவில் உள்ள கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் வருகிறது. அங்கே பல ஊர் ஆசிரியர்கள், பல ஊர் மாணாக்கர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆக, நல்ல ஆசிரியரைத் தேடி ஊர் விட்டு ஊர் போவது நம் நாட்டில் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம். மாணாக்கர் பெயரோடு ஆசிரியர் பெயரும், பிறந்த ஊரின் பெயரும் சேர்த்தே கல்லில் வெட்டப்பட்டன. வாசக அன்பர்கள் இந்த ஒரு குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரை அங்கேதான் வந்து சேரும்.

இனி விஷயத்துக்கு வருவோம். கேரளத்தில் பள்ளி விளையாட்டு என்றால் அது சின்ன விஷயமல்ல. மாநிலப் பள்ளி விளையாட்டு விழா நடக்கும்போது இங்கே மலையாளப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதும். முதல் மூன்று இடம் பிடிக்கிறவர்க்குப் பதக்கம் உண்டு, பிள்ளையின் பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் புள்ளி உண்டு. அந்தப் புள்ளிகளைக் கூட்டித்தான் எந்த மாவட்டம் முதல், எந்தப் பள்ளி முதல் என்று முடிவு செய்கிறார்கள். பிள்ளைக்குக் கிடைப்பது கருணை மதிப்பெண்ணும், பிளஸ் ஒன் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடும். ஏழைக் குடும்பத்துக்கு இவை பெரிய சொத்து. ஆகவே ஒரு பிள்ளை எந்தப் பள்ளியின் பேரில் ஓடுகிறது என்பது பலருக்கு லாப நஷ்டக் கணக்கு. லாபம் இருக்கிற இடத்தில் பேரம் இருக்கும். சாலை பஜாரில் கடை வைத்திருக்கிற எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வழக்கத்தின் வேர் எங்கே? ஆளைத் தேடி எடுப்பதை இங்கே முறையாகத் தொடங்கியது அரசாங்கம்தான். பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் 1908இல் பிறந்து, திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் முடித்த கோதவர்ம ராஜா என்னும் ஜி. வி. ராஜா கேரள விளையாட்டு மன்றத்தை வளர்த்தவர். 1971இல் குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் இறந்தார். அவர் பிறந்த அக்டோபர் 13ஆம் நாளைக் கேரளம் விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறது. 1970களின் நடுவில் நம் நகரை அடுத்து அவர் பெயரிலேயே விளையாட்டுப் பள்ளி எழுந்தது. கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவு 1976இல் தொடங்கியது. பய்யோளி ஊர்ச் சிறுமி பி. டி. உஷா மாதம் 250 ரூபாய் உதவித்தொகையில் அங்கே சேர்ந்தார். பயிற்சியாளர் ஓ. எம். நம்பியார் விமானப்படையில் இருந்தவர். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் உஷா வெண்கலத்தை இழந்தது உலகறிந்த கதை. உள்ளூர்ப் பள்ளியிலேயே இருந்திருந்தால் உஷா என்ற பெயரை நாம் கேட்டிருப்போமா? சந்தேகம்தான். பள்ளி மாறுவதே தப்பு என்று யாராவது சொன்னால் இந்த ஒரு உதாரணம் போதும்.

இரண்டாவது கட்டம் கோருத்தோடு. கோட்டயம் மாவட்டத்தின் கிழக்கே மலையடிவாரக் கிராமம். அங்கே சி. கே. எம். பள்ளியில், ராணுவத்தில் இருந்து வந்த கே. பி. தாமஸ் பயிற்சி கொடுத்தார். ஊரெல்லாம் 'தோமஸ் மாஷ்' என்று அழைக்கும். பின்னாளில் உலகப் போட்டியில் நீளம் தாண்டிப் பதக்கம் வாங்கிய அஞ்சு அவர் கையில் வளர்ந்தவர். 1990களில் மாநில விழா என்றாலே கோருத்தோடு என்று பேச்சு. இங்கே மாணவரை இழுத்தது கட்டடமல்ல, சம்பளமல்ல, ஆசிரியரின் பேர். கிட்டத்தட்ட கழுகுமலைக் கதைதான். பிறகு அவர் இடுக்கி மாவட்டம் வண்ணப்புறம் பள்ளிக்குப் போனார். 2013இல் துரோணாச்சாரியார் விருது பெற்றார்.

மூன்றாவது கட்டத்தில்தான் காற்று திசை மாறியது. எர்ணாகுளம் மாவட்டத்தில் கோதமங்கலம் என்ற ஒரே ஊரில் செயின்ட் ஜார்ஜ், மார் பேசில் என்று இரண்டு பள்ளிகள். இரண்டுக்கும் விடுதி இருந்தது, பயிற்சியாளர் இருந்தார், பேரும் இருந்தது. யார் முதல் என்று ஆண்டுக்காண்டு போட்டாப் போட்டி. வேறு மாவட்டங்களிலிருந்து பிள்ளைகள் வந்து தங்கிப் படித்தார்கள். பிறகு வேறு மாநிலங்களிலிருந்தும் வந்தார்கள். பெருவெள்ளத்தால் மூன்று நாளாகச் சுருக்கப்பட்ட 2018 விழா நம் திருவனந்தபுரத்தில்தான் நடந்தது. அதில் பட்டம் வென்ற செயின்ட் ஜார்ஜ் அணியில் மணிப்பூர்ப் பிள்ளைகள் முக்கிய இடம் வகித்தனர். அவர்கள் ஓடியதில் தப்பு ஒன்றுமில்லை, விதி அனுமதித்தது. ஆனால் 'உள்ளூர்ப் பிள்ளை எங்கே?' என்ற கேள்வி அப்போதே மைதானத்து ஓரத்தில் எழுந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பாலக்காடு மாவட்டத்தில் பறளி, முண்டூர் என்ற இரண்டு ஊர்ப் பள்ளிகள். பறளியில் பி. ஜி. மனோஜ், முண்டூரில் என். எஸ். சிஜின் என்ற ஆசிரியர்கள் அக்கம்பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளை வைத்தே அணி கட்டினார்கள். ஆசியப் போட்டியில் 1500 மீட்டர் ஓட்டத்தில் 2017இலும் 2019இலும் முதலிடம் பெற்ற பி. யு. சித்ரா முண்டூர்க்காரர். 2019, 2022, 2023 மாநிலத் தடகள விழாக்களில் பாலக்காடு மாவட்டம் முதலாவது வந்தது. வெளியிலிருந்து ஆள் பிடித்தால்தான் ஜெயிக்கலாம் என்ற வாதத்துக்கு இது நேரான பதில்.

அண்மைச் சம்பவங்கள் இரண்டு. 2024 நவம்பரில் கொச்சியில் ஒலிம்பிக் பாணியில் எல்லா விளையாட்டையும் சேர்த்து விழா நடந்தது. தடகளத்தில் சிறந்த பள்ளிகளுக்குப் பரிசு கொடுக்கும்போது, நம் ஊர் ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு இரண்டாமிடம் என்று அறிவித்தார்கள். திருநாவாய நவாமுகுந்தா பள்ளியும் மார் பேசில் பள்ளியும் எதிர்த்தன. அரசே தேர்வு வைத்து மாநிலம் முழுக்கப் பிள்ளைகளை எடுத்து, உணவு, உறைவிடம், பயிற்சி எல்லாம் கொடுக்கும் பள்ளியை எங்களைப் போன்ற பொதுப் பள்ளிகளோடு ஒரே தராசில் வைக்கலாமா என்பதே அவர்கள் கேள்வி. நிறைவு விழாவில் கலவரமாகி, போலீஸ் வரை போனது. இரண்டு பள்ளிகளுக்கும் அடுத்த விழாவில் தடை என்று உத்தரவு வந்தது. பின்னர் பள்ளிகள் வருத்தம் தெரிவித்ததும் தடை நீக்கப்பட்டது. திருவனந்தபுரத்துக்காரன் என்ற முறையில் எனக்கு ஜி. வி. ராஜா பள்ளி ஜெயித்தால் சந்தோஷம்தான். ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. பத்துப் படி அரிசி உள்ளவனையும் ஒரு படி உள்ளவனையும் ஒரே வரிசையில் நிறுத்தி 'யார் அதிகம் கொண்டுவந்தீர்கள்' என்று கேட்பது சரியாகாது. கேட்ட முறையைக் கண்டிக்கலாம். கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

அடுத்தது 2025 அக்டோபர் விழா. நம் நகரிலேயே, 117.5 பவன் தங்கக் கோப்பையோடு நடந்தது. அதில் வெளிமாநிலத்திலிருந்து வந்து சேர்ந்த சிலருடைய வயதைப் பற்றிப் புகார் கிளம்பியது. இருபது வயது தாண்டியவர் பதினேழு வயதுக்காரரோடு ஓடினால் தோற்பது ஒரு பந்தயம் மட்டுமல்ல. அந்தப் பிள்ளையின் கருணை மதிப்பெண்ணும் கல்லூரி இடமும் சேர்ந்தே போகும்.

இங்கேதான் நம் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'வெளிமாநிலப் பிள்ளைகள் நம் பதக்கத்தைக் கொண்டு போகிறார்கள்' என்று பேச்சு வரும்போது நாமும் தலையாட்டிவிடுகிறோம். நாம் யார்? எங்கள் முன்னோர் தென்னார்க்காட்டிலிருந்து பித்தளைப் பாத்திரம் கொண்டுவந்து சாலையில் விற்றவர்கள். நெல்லை, நாகர்கோவில் அண்ணாச்சிமார் மளிகை கொண்டுவந்தார்கள். மூன்று தலைமுறை ஆகியும் ரேஷன் கார்டு, ஜாதிச் சான்று என்று எத்தனை இடத்தில் நம்மை 'எந்த ஊர்?' என்று கேட்டிருக்கிறார்கள்! பிறந்த மாநிலத்தை வைத்து வேலி போட்டால் அந்த வேலி நாளைக்கு நம் வீட்டு வாசலுக்கும் வரும். பிழைக்க வந்த குடும்பத்தின் பிள்ளை வேறு. பதக்கத்துக்காகத் தனியே பிடுங்கிக் கொண்டுவரப்பட்ட பிள்ளை வேறு. விதி இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும், மாநிலத்தைப் பார்க்கக் கூடாது.

அமெரிக்காவில் பல மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் ஏறக்குறைய இப்படித்தான் பிரித்தன. குடும்பமே வீடு மாறினால் பிள்ளை உடனே விளையாடலாம். வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினால் சில காலம், சில இடங்களில் ஓராண்டு வரை, உட்கார வேண்டும். விளையாட்டுக்காக ஆசைகாட்டி இழுத்த பள்ளிக்குத் தண்டனை. ஆனால் அண்மை ஆண்டுகளில் பல மாநிலங்கள் ஒருமுறை மாற அனுமதி கொடுத்து இதைத் தளர்த்திவிட்டன. காரணம் எளிது. பள்ளி செய்த பேரத்துக்குப் பிள்ளை ஓராண்டை இழப்பது என்ன நியாயம்? பதினைந்து வயதில் ஓராண்டு என்பது எவ்வளவு பெரியது!

எனக்குத் தெரிந்த ஒரு சங்கதி. சாலையில் எண்ணெய்க் கடையில் வேலை பார்க்கும் நம்மவர் ஒருவரின் மகள் நன்றாக ஓடுவாள். வேறு மாவட்டத்துப் பள்ளி ஒன்று அழைத்தது. தங்குமிடம், சாப்பாடு, காலணி எல்லாம் இலவசம் என்றார்கள், எதையும் எழுதித் தரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் போனாள், முதல் ஆண்டு புள்ளி வாங்கிக் கொடுத்தாள். பத்தாம் வகுப்பில் தொடைத் தசை கிழிந்தது. ஓட முடியாத பிள்ளைக்கு விடுதியில் இடமில்லை என்று டிசம்பரில் சொல்லிவிட்டார்கள். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம். தகப்பனார் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, பழைய பள்ளிக்கூடத்துல சேத்துக்குவாங்களா?" என்று கேட்டார். அந்தப் பழைய பள்ளி ஆசிரியை, புண்ணியவதி, சேர்த்துக்கொண்டார். ஆறாம் வகுப்பில் அவளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்ததும் அவரே. பதக்கக் கணக்கில் மட்டும் அவர் பெயரோ அந்தப் பள்ளியின் பெயரோ எங்கேயும் இல்லை.

எங்கள் கடையில் சுழற்கோப்பைகளுக்குப் பெயர் வெட்டிக் கொடுக்கிறோம். ஆண்டு, பள்ளியின் பெயர், அவ்வளவுதான் வெட்டச் சொல்வார்கள். ஓடிய பிள்ளையின் பெயரை வெட்டச் சொல்லி எனக்கு ஒருவரும் ஆர்டர் கொடுத்ததில்லை. வியாபாரத்தில் சரக்கு ஒருவருடையது, முத்திரை இன்னொருவருடையது என்றால் அதற்கு ஒரு பேர் உண்டு. இங்கே அந்தப் பேரைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? வழக்கு இரண்டு பக்கமும் உள்ளது என்பதால் தீர்வும் நடுவில்தான் இருக்கும். எனக்குத் தோன்றுவன நான்கு.

ஒன்று: பிள்ளையை அழைக்கும் பள்ளி, கொடுக்கப்போவதை எழுதிக் கொடுக்கட்டும். காயம்பட்டாலும் பிளஸ் டூ முடியும்வரை இடமும் சாப்பாடும் உண்டு என்ற உறுதி அதில் இருக்கட்டும்.

இரண்டு: பள்ளி மாறிய பிள்ளை வாங்கும் புள்ளியில் முதல் இரண்டு ஆண்டு பாதி, பழைய பள்ளிக்குப் போகட்டும். விதை போட்டவனுக்குப் பங்கு கொடுத்தால், பிடுங்குகிற ஆசை தானாகவே பாதியாகும். பிள்ளையும் ஒரு நாள்கூட உட்கார வேண்டாம்.

மூன்று: விளையாட்டுப் பள்ளிகளுக்குத் தனி வரிசை, பொதுப் பள்ளிகளுக்குத் தனி வரிசை. இதை விழா தொடங்கும் முன்பே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.

நான்கு: வயதைச் சேர்க்கையின்போதே சரிபார்க்க வேண்டும். மைதானத்தில் நிறுத்தி, பிள்ளையை ஊர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது.

நம் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையை யாராவது அழைத்தால் பெருமைப்படுங்கள், அவசரப்படாதீர்கள். அங்கே படிப்பு எப்படி, போன ஆண்டு காயம்பட்ட பிள்ளை இப்போது எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்துக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போகாதீர்கள். போனால், முதலில் கற்றுக்கொடுத்த ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டியவர்கள் மாணாக்கியின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் அவர் ஊரையும் சேர்த்தே வெட்டினார்கள். நாம் பித்தளையில் வெட்டுகிறோம். இடமா இல்லை? பெயர்கள் மூன்றும் தாராளமாகக் கொள்ளும்.