பாலில் இறங்கிய பாதரசம்

1780ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தின் தென்மேற்கு ஓரத்தில், வோஜிரார் என்ற கிராமத்தில் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. நகரக் காவல்துறையின் தலைவராக இருந்த லெனுவார் முன்னின்று அமைத்தது அது. சிஃபிலிஸ் நோயோடு பிறந்து பெற்றவர்களால் கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகளை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அதே நோய் கண்ட ஏழைக் கர்ப்பிணிகளையும் சேர்த்தார்கள். சிகிச்சையில் மருந்து பூசப்பட்டது அந்தப் பெண்களின் உடம்பில். பாதரசக் களிம்பைத் தோலில் தேய்த்துத் தேய்த்து உள்ளே இறக்கினார்கள். அது ரத்தத்தில் கலந்து, பாலில் இறங்கி, குடிக்கும் குழந்தையின் நோயைத் தீர்க்கும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள்.

இப்படி ஒரு சுற்றுவழி ஏன் தேவைப்பட்டது? அன்றைய பாரிஸில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அநாதை இல்லத்தில் விடப்பட்டன. அவற்றைக் கிராமங்களுக்கு அனுப்பி, கூலிக்குப் பாலூட்டும் பெண்களிடம் ஒப்படைப்பது வழக்கம். சிஃபிலிஸ் கண்ட குழந்தைக்கு வாயில் புண் இருக்கும். அது பால் குடித்தால் கொடுத்தவளுக்கு மார்பில் புண் வரும். அவளிடமிருந்து கணவனுக்குப் போகும், அடுத்து அவள் பெறும் பிள்ளைக்கும் போகும். நாலு காசுக்காகப் பிறர் பிள்ளையை ஏந்திய ஒரு குடும்பமே அழிந்துபோகும். ஆகவே நோயுள்ள குழந்தையை யாரிடமும் கொடுக்க முடியவில்லை. மாட்டுப்பாலும் கஞ்சியும் புகட்டினால், அந்தக் காலத்துச் சுகாதாரத்தில் அது பிழைக்காது. நேரடியாகப் பாதரசம் கொடுத்தாலோ பிஞ்சு உடம்பு தாங்காது. ஏற்கெனவே நோய் கண்ட பெண்ணே பாலூட்டினால் புதிதாகத் தொற்ற ஒன்றுமில்லை. மருந்தும் அவள் வழியாகவே போய்ச் சேரும். வோஜிராரின் ஏற்பாடு இந்தக் கணக்கில்தான் நின்றது.

அந்தப் பெண்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் சிகிச்சையும் கிடைத்தன. அதற்கு ஈடாக ஒவ்வொருத்தியும் தன் குழந்தையோடு இன்னொரு அநாதைக் குழந்தைக்கும் பால் கொடுக்க வேண்டும். பாதரசம் லேசான மருந்தில்லை. ஈறு வீங்கும், பல் ஆடும், வாயில் எச்சில் நிற்காமல் ஊறும். அந்த நிலையில், பேறுகாலத்துக்குப் பிறகான உடம்போடு, அவர்கள் இரண்டு உயிர்களுக்குப் பாலூட்டினார்கள். இதைக் கருணை என்றும் சொல்லலாம், சுரண்டல் என்றும் சொல்லலாம், இரண்டுமே உண்மை. அநாதைக் குழந்தைகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. அவற்றின் வயிற்றுக்குள் எவ்வளவு பாதரசம் போயிற்று என்று அளந்து சொல்ல அன்று ஒரு கருவியும் இல்லை.

தாய் வழியாகப் பிள்ளைக்கு மருந்து என்ற எண்ணத்தை வோஜிரார் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே வந்த ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை குழந்தைகளை மூன்றாகப் பிரிக்கிறது: பால் மட்டும் குடிப்பவை, பாலும் சோறும் உண்பவை, சோறு மட்டும் உண்பவை. பால்குடிக் குழந்தைக்கு நோய் வந்தால் பாலூட்டுகிறவளுக்கும் மருந்து கொடுக்கச் சொல்கிறது அந்த நூல். மருந்தை அரைத்து மார்பில் பூசிப் பால் குடிக்கவிடும் முறையையும் கூறுகிறது. நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் பாட்டி முதலில் கேட்பது ‘நீ என்ன சாப்பிட்டே?’ என்றுதான். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைப்பதில் பாதி அவளுக்காக, பாதி பிள்ளைக்காக. அந்தப் பத்தியத்தில் தவறாமல் இடம்பெறும் பூண்டை ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் மெனெல்லா, போஷாம் என்ற இருவர் சோதித்து 1991இல் வெளியிட்டார்கள். தாய் பூண்டு மாத்திரை விழுங்கிய சுமார் இரண்டு மணி நேரத்தில் பாலில் அந்த வாசனை உச்சத்துக்கு வந்தது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பைப் பற்றியிருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பாரிஸின் சிக்கல் தீரவில்லை. 1837இல் டப்ளின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் ஒரு விநோதத்தை எழுதிவைத்தார். சிஃபிலிஸோடு பிறந்த குழந்தை, கூலிக்குப் பாலூட்டும் ஆரோக்கியமான பெண்ணுக்கு நோயைத் தரும். பெற்ற தாய்க்கு மட்டும் தராது. அவளுக்கு அது முன்பே இருக்கிறது, வெளியே தெரியவில்லை என்ற விளக்கம் ரத்தப் பரிசோதனை வந்த பிறகுதான் உறுதியானது. இதற்கிடையே, தொற்று வாங்கிய பாலூட்டும் பெண்கள் பிரான்சில் நீதிமன்றப் படியேறி நஷ்டஈடு கேட்கத் தொடங்கினார்கள். மருத்துவர்கள் விலங்குகளைத் தேடிப் போனார்கள். 1881இல் பாரிஸ் குழந்தைகள் இல்லத்தில் டாக்டர் பரோ ஒரு கழுதைத் தொழுவமே வைத்தார். தாதிகள் சிஃபிலிஸ் கண்ட குழந்தைகளைத் தூக்கிப்பிடித்து, கழுதையின் மடியிலேயே நேராகப் பால் குடிக்க வைத்தார்கள். நோய்க்கிருமி கண்ணில் பட்டது 1905இல்; அதைக் கொல்லும் சல்வர்சான், ஜெர்மன் ஆய்வாளர் எர்லிக்கின் மருந்து, 1910இல் வந்தது. அதன் பிறகு பாலில் பாதரசம் தேடும் தேவை மெல்ல மறைந்தது.

இருபதாம் நூற்றாண்டில் கேள்வி தலைகீழானது. தாய்க்குக் கொடுக்கும் மருந்து பிள்ளைக்குப் போய்ச் சேருமா என்று ஆசையோடு பார்த்தவர்கள், ஐயோ, போய்விடுமா என்று பயப்படத் தொடங்கினார்கள். 1950களின் இறுதியிலிருந்து டென்மார்க்கில் ஃபின் ராஸ்முசன் பசுக்களையும் ஆடுகளையும் கொண்டு, சல்ஃபா மருந்துகள் ரத்தத்திலிருந்து பாலுக்கு எப்படிக் கடக்கின்றன என்று முறையாக அளந்தார். விதிகள் ஓரளவு எளிமையானவை. ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் மருந்து கடக்காது, ஒட்டாமல் தனித்து நிற்பதே கடக்கும். கொழுப்பில் கரைவது எளிதில் கடக்கும். ஹெபாரின், இன்சுலின் போன்ற பெரிய மூலக்கூறுகள் பாலுக்கு வருவது அரிது. பால் ரத்தத்தைவிடச் சற்றே அமிலத்தன்மை கூடியது. ஆகவே மென்காரத் தன்மையுள்ள மருந்துகள் பாலுக்குள் வந்ததும் மின்னேற்றம் பெற்று, திரும்பிப் போக முடியாமல் அங்கேயே தங்கிவிடும். பிரசவித்த முதல் சில நாட்களில் பால் சுரக்கும் செல்களுக்கிடையே இடுக்குகள் திறந்திருக்கும். பிறகு இறுகி மூடும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளின் கதை இந்த விதிகளை நன்றாகக் காட்டும். ஃபெனின்டியோன் சாப்பிட்ட ஒரு தாயின் குழந்தைக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டதாக 1970இல் செய்தி வந்தது. உடனே அதே வேலை செய்யும் வார்ஃபரின் மீதும் சந்தேகம் விழுந்தது. லிவர்பூலில் ஓர்மும் சகாக்களும் வார்ஃபரின் எடுத்துக்கொண்ட 13 தாய்மாரின் பாலைச் சோதித்தார்கள். பாலில் மருந்தைக் காணவில்லை; 1977இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 99 விழுக்காடு புரதத்தோடு ஒட்டியிருக்கும் மருந்து எப்படி வரும்? அந்த ஏழாண்டு இடைவெளியில் பயத்தால் புட்டிப்பாலுக்கு மாற்றப்பட்ட குழந்தைகளை நினைத்தால் மனம் வலிக்கிறது. செய்யவேண்டியிருந்தது ஒரு சிறிய சோதனைதான்.

எல்லா மருந்தும் விதிக்கு அடங்கவில்லை. அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெடிடின், கணக்குப் போட்டதைவிடப் பல மடங்கு பாலில் காணப்பட்டது. சுரப்புச் செல்களில் இருக்கும் ஒரு புரதம் பம்பு போல அதைப் பாலுக்குள் தள்ளுகிறது என்பதை ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டி 2005இல் வெளியிட்டார்கள்.

அதே 2005இல் கனடாவின் டொரன்டோவில் 13 நாள் குழந்தை ஒன்று இறந்தது. தாய் பிரசவத்துக்குப் பிந்தைய வலிக்காகக் கோடீன் மாத்திரை எடுத்திருந்தார். அவர் உடம்பு கோடீனை வெகுவேகமாக மார்ஃபினாக மாற்றும் மரபணு அமைப்பு கொண்டது, அந்த மார்ஃபின் பால் வழியே குழந்தையைக் கொன்றது என்று 2006இல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. உலகம் முழுவதும் மருந்துச் சீட்டுகள் மாறின. அமெரிக்க மருந்துத் துறை 2007இலும், இன்னும் கடுமையாக 2017இலும் எச்சரித்தது. பிறகு வேறு ஆய்வாளர்கள் கணக்கை மீண்டும் போட்டார்கள். அந்தப் பாலில் இருந்த மார்ஃபின் அளவு, குழந்தையின் ரத்தத்தில் கண்ட அளவை உண்டாக்கவே போதாது என்று சொன்னார்கள். அதே சம்பவத்தை விவரித்த கட்டுரைகளை இரண்டு கனடிய இதழ்கள் 2020இல் திரும்பப் பெற்றன.

ஒற்றைச் சம்பவம் இவ்வளவு பெரிய பயமாக வளரக் காரணம், அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு அளவுகள் இல்லாததுதான். மருந்துச் சோதனைகளில் பாலூட்டும் பெண்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. சோதிக்காததால் தகவல் இல்லை. தகவல் இல்லாததால் மருந்து அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாள் ‘பாலூட்டும்போது தவிர்க்கவும்’ என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி பாலில் கலக்கும் மருந்துகளின் பட்டியலை முதலில் வெளியிட்டது 1983இல். குழந்தையின் எடைக்கேற்ப அதற்குப் போகும் மருந்தளவு, தாயின் அளவில் பத்து விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் கவலையில்லை என்ற அளவுகோல் பரவியதும் 1980களின் இறுதியில்தான். பெரும்பாலான மருந்துகள் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கின்றன.

பழைய வழக்கம் கொரோனாவிலும் தொடர்ந்தது. தடுப்பூசியின் பெரிய சோதனைகளில் பாலூட்டும் தாய்மார் சேர்க்கப்படவில்லை. இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்கு ஊசி தொடங்கியபோது, கர்ப்பிணிகளையும் பாலூட்டுவோரையும் தவிர்க்கும்படி அறிவுறுத்தல் இருந்தது. கைக்குழந்தை உள்ள நர்சுகளும் பெண் டாக்டர்களும் இரண்டாம் அலையின் உச்சத்தில் ஊசி போடாமலே வார்டுகளில் நின்றார்கள். ஊசி போட்ட தாய்மாரின் பாலில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் சுரப்பதை ஏப்ரலிலேயே இஸ்ரேலிய ஆய்வு ஒன்று காட்டியிருந்தது. மே 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் பாலூட்டும் பெண்கள் அனைவருக்கும் தடுப்பூசி போடலாம் என்று அறிவித்தது.