நிலத்துக்கும் முகவரி உண்டு



தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர் வழி கேட்டால் நாம் எப்படிச் சொல்கிறோம்? "மேட்டு லயத்தில், கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு" என்கிறோம். "ஆயாக் கொட்டகையைத் தாண்டி நாலாவது நிரை" என்கிறோம். தோட்டத்தில் இருப்பவருக்கு இதைவிடத் தெளிவான முகவரி வேறில்லை. ஆனால் கோயிலை இடம் மாற்றிவிட்டால் மூன்றாவது வீடு எது? வேறொன்றைச் சார்ந்து நிற்பதால் இதனைச் சார்பு முகவரி என்போம். எல்லாருக்கும் பொதுவான ஒரு தொடக்கத்திலிருந்து அளந்து, உலகில் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே இடத்தைக் காட்டுவது தனி முகவரி. இவ்விரண்டும் வரலாற்றில் எவ்வாறு இணைந்து வந்தன என்பதையே இன்று நாம் காணப்போகிறோம்.

இக்கதை தமிழ் மண்ணிலேதான் தொடங்குகிறது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலையில் 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கொண்டு அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமான ஒரு நேர்கோட்டை அளப்பதற்கு அவருக்கு ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆயின. அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து முக்கோணம் வரைந்தார். அந்த முக்கோணத்தின் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். இப்படியே மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம் அளவை நீண்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது கோணம் அளக்கும் பெருங்கருவியை ஏற்றும்போது அது மோதிச் சேதமுற்றது. லாம்டன் அதைத் தாமே செப்பனிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

இந்திய வரைபடத்தில் ஊர்களின் கிழக்கு மேற்குக் கணக்கெல்லாம் சென்னை வானாய்வுக்கூடத்தைத் தொடக்கமாகக் கொண்டே எழுதப்பட்டது. பிற்காலத்தில் அந்தக் கூடத்தின் இடத்தையே சிறிது தவறாகக் குறித்துவிட்டார்கள் என்று தெரியவந்தது. பிழை 2 கலை 27 விகலை. தரையில் இது ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான ஊர்களையும் மறுபடி அளந்தார்களா? இல்லை. எல்லாம் சென்னையைச் சார்ந்து எழுதப்பட்டிருந்ததால், வரைபடத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினார்கள்: இந்த அளவைக் கழித்துக்கொள்க. ஒரு தொடக்கத்தைத் திருத்தியதும் எல்லா ஊரும் தத்தம் இடத்தில் வந்து நின்றன. சார்பு முகவரியின் வலிமை இதுவே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் நிலத்துண்டுகளை அளக்க மாநிலங்களுக்கென்று ஒன்பது தொடக்கப் புள்ளிகள் இருந்தன. பினாங்குக்குக் கார்ன்வாலிஸ் கோட்டை. சிலாங்கூருக்குப் புக்கிட் ஆசா. ஜொகூருக்குக் குனோங் புலுமுட். நமது நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் சேர்த்து ஒரே தொடக்கம், சிரம்பானில் உள்ள கன் ஹில் என்னும் குன்று. ரப்பர் மரங்களுக்கிடையே பாசி படிந்து நிற்கும் எல்லைக் கல்லை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அந்தக் கல்லின் கணக்கு, கன் ஹில்லிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ இத்தனை, கிழக்கிலோ மேற்கிலோ இத்தனை என்பதுதான்.

ஒரு மாநிலத்துக்குள் இந்த முறை நன்றாக நடந்தது. எல்லையைத் தாண்டினால் சிக்கல் வந்தது. "தெற்கே 1,000 மீட்டர், கிழக்கே 2,000 மீட்டர்" என்பது கன் ஹில் கணக்கில் ஓர் இடம். புக்கிட் ஆசா கணக்கில் வேறோர் இடம். தொடக்கம் எது என்று சொல்லாவிட்டால் எண்ணுக்குப் பொருளே இல்லை.

கணினி கண்டவர்களும் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். 1949இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி இயங்கத் தொடங்கியது. அதன் நினைவகத்தில் ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. பலர் தனித்தனியே எழுதிய கட்டளைத் துண்டுகளை ஒன்று சேர்க்கும்போது, எந்தத் துண்டு எந்த அறையில் போய் அமரும் என்று எழுதியவருக்குத் தெரியாது. டேவிட் வீலர் என்ற இளைஞர் ஒரு வழி செய்தார். "என் தொடக்கத்திலிருந்து இத்தனையாவது அறை" என்று எழுதி, அதன்பக்கத்தில் ஓர் அடையாள எழுத்தையும் இட்டார்கள். துண்டு ஏற்றப்படும்போது கணினியே தொடக்க எண்ணைக் கூட்டிக்கொண்டது. சார்பைக் குறிக்கும் அடையாளமில்லாத எண் கூட்டப்படாமல் அப்படியே நின்றது. இன்று இந்த வேலையை இணைப்பி என்னும் நிரல் செய்கிறது. எந்தத் துண்டு எங்கே தொடங்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. சார்பு எண்ணைத் தனி எண் என்று மயங்கினால் வேலை கெடும்.

நம் நில அளவையிலும் இப்படியொரு பொதுக் கணக்கு வந்தது. முன்பு பகாங்கின் கெர்தாவ் என்ற இடத்தை அடியாகக் கொண்ட கணக்கே தீபகற்பத்துக்குப் பொதுவாக இருந்தது. 2003இல், துணைக்கோள்களின் துணையோடு, பூமியின் நடுமையத்தைத் தொடக்கமாகக் கொண்ட தேசியக் கணக்கு அறிவிக்கப்பட்டது. கன் ஹில் போன்ற தொடக்கங்களுக்கு அதில் இடம் குறிக்கப்பட்டதும், மாநிலக் கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தின. ஆனால் அடுத்த ஆண்டே, 2004 டிசம்பர் 26ஆம் நாள், சுமத்திராக் கடலில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. நம் தீபகற்பமே சற்று நகர்ந்தது. லங்காவி சுமார் 17 சென்டிமீட்டர் நகர்ந்தது. 2009இல் கணக்கு மறுபடி திருத்தப்பட்டது. தொடக்கத்தை எழுதி வைத்திருந்ததால் திருத்த முடிந்தது.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நேயர்களே, நமக்குத்தான் எல்லாமே இருக்கிறது. நாம் கட்டிய கோயில், நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, நம் முன்னோரை அடக்கம் செய்த இடம், இவற்றுள் பல தோட்டத்தைச் சார்ந்த முகவரியில் மட்டுமே இருந்தன. தோட்டம் கைமாறியது. நீலாய்ப் பக்கமும் சிரம்பானைச் சுற்றியும் ரப்பர் இருந்த இடங்களில் வீடமைப்புகள் எழுந்தன. அப்போது "தோட்டத்துக் கோயில்" என்று எங்கள் பெரியவர்கள் சொன்னார்கள், "எந்த லாட்?" என்று எதிரே அமர்ந்தவர் கேட்டார். பெரியவர்களிடம் விடையில்லை. தோட்ட நிலத்தில் நின்ற தமிழ்ப்பள்ளிகள் பலவும் நிலம் தம் பெயரில் இல்லாததால் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்து வந்தன. பட்டணத்துக்கு இடம் மாறிய பின்னும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் பள்ளிகளும் உண்டு. மேட்டு லயத்தைக் காட்ட இன்று லயமும் இல்லை.

1966 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டப்படி, பதிவேட்டில் உள்ளதே உரிமை. அந்தப் பதிவேட்டை, கட்டணம் செலுத்தி, நில அலுவலகத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். ஆகவே உங்கள் கோயிலும் பள்ளியும் இடுகாடும் எந்த முக்கிமில், எந்த லாட்டில், யார் பெயரில் உள்ளன என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அதன் கீழேயே, "மேட்டு லயம், கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு" என்பதையும் எழுதி வையுங்கள். முதலாவது நில அலுவலகத்தில் கேட்கப்படும். இரண்டாவதைப் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்.